சுவரைப் பார்த்த ஸ்பீக்கர்

அத்தியாயம் 9

"செத்துப் போச்சு மேடம். போஸ்ட்மார்ட்டத்துக்கு அனுப்பிடலாமா?" என்றான் விசில், கிடாரை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு.

லைன் மேடம் ஆறு தந்தியையும் ஒரு தடவை விரலால் இழுத்துவிட்டார். தந்திகள் அதிர்ந்தன. அந்தச் சன்னமான கீச்சு கட்டிலைக்கூடத் தாண்டவில்லை. தரையில் இருந்த ஸ்பீக்கர் பெட்டியில் சிவப்பு விளக்கு நன்றாகத்தான் எரிந்தது. ஆனால் பெட்டி வாயைத் திறப்பேனா என்றது.

லைன் மேடம் இருபத்திரண்டு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பழுது பார்க்கும் பிரிவில் குப்பை கொட்டியவர். வேலையை விட்ட பிறகும் பழுது பார்ப்பதை விடவில்லை. இப்போது மனிதர்கள் சொல்லும் கதைகளில் எங்கே கம்பி அறுந்திருக்கிறது என்று பார்க்கிறார். விசில் அவருடைய உதவியாள். பத்தொன்பது வருடம் பஸ் கண்டக்டர். விசில் அடித்தே தேய்ந்த வாய் என்பதால், அது மூடியிருக்கும் நேரம் குறைவு.

விவகாரம் இதுதான். இந்த மாதம் ஆறாம் தேதி, மதியம் மூன்று மணிக்கு, ஊரின் மறுகோடியில் ஒத்திகை ஹால் படிக்கட்டில் ஓர் இசைக்குழுத் தலைவர் உருண்டு விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். பின்னாலிருந்து யாரோ தள்ளினார்கள், முகம் பார்க்கவில்லை என்றார். முதல் நாள்தான் அவரோடு வாய்ச்சண்டை போட்டிருந்த கிடார்காரர்மேல் எல்லோர் விரலும் நீண்டது. நாலரை மணிக்குப் போலீஸ் வந்தபோது அவர் இந்த அறையில் மடியில் கிடாரோடு உட்கார்ந்திருந்தார். "ரெண்டு மணியிலருந்து இங்கதான் வாசிச்சுட்டிருக்கேன்" என்றார். நல்ல நடிப்பு என்று சொல்லி அழைத்துப் போனார்கள்.

சாட்சி வேண்டுமே? ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் தையல்காரப் பெண், அன்று மதியம் எந்தச் சத்தமும் கேட்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். போதாக்குறைக்கு, வக்கீல் வற்புறுத்தியதால் நேற்று முன்தினம் போலீஸ் இந்த அறையைத் திறந்து கிடாரைச் சோதித்தது. சத்தமே வரவில்லை. ஊமைக் கிடாரை இரண்டரை மணி நேரம் வாசித்தாராம் என்று ஸ்டேஷனே சிரித்தது.

நாளை காலை பத்து மணிக்கு ஜாமீன் மனு. அதுவும் போனால், வழக்கு முடியும்வரை உள்ளேதான். அது எத்தனை மாதமோ, எத்தனை வருடமோ.

மூன்று வாரமாக அவரைப் பார்க்க வந்தவர்கள் பட்டியலில் ஒரே பெயர்தான் இருந்தது. அது வக்கீலின் பெயர். அந்த வக்கீல்தான் மனசு கேட்காமல் லைன் மேடத்திடம் சாவியைக் கொடுத்தார்.

"பழுது பாக்கறது எங்கயும் ஒண்ணுதான் விசில். கம்பியோட ஒரு முனையிலருந்து நட. எதுவரைக்கும் உசுரு இருக்கு, எங்கருந்து இல்லைன்னு பாரு" என்றார் லைன் மேடம்.

கிடாரின் விலாவில் செருகியிருந்த வயரைப் பிடுங்கினார். பெட்டி 'டப்' என்றது. வயரின் உலோக நுனியில் ஆள்காட்டி விரலை வைத்தார். 'உர்ர்ர்' என்று ஒரு உறுமல் அறையை நிறைத்தது.

"அடேங்கப்பா! உங்க உடம்புல இவ்வளவு சங்கீதம் இருக்குன்னு இத்தனை நாள் தெரியாமப் போச்சே!"

"பெட்டி நல்லா இருக்கு. வயரும் நல்லா இருக்கு. அப்ப கோளாறு கிடாருக்குள்ள."

சத்தம் கூட்டும் திருகு முழுசாகத் திருகித்தான் இருந்தது. கிடாரைத் திருப்பினார். முதுகில் தீப்பெட்டியளவு ஒரு மூடி. நகத்தால் நெம்பினால் உள்ளே ஒரு சதுர பேட்டரி. அதன் தகரத்தில் யாரோ நீல மார்க்கரால் 6-8 என்று எழுதியிருந்தார்கள்.

"ஏதோ தாளக் கணக்கா இருக்கும்" என்றான் விசில்.

"தாளத்தை யாராவது கிடாரோட வயித்துக்குள்ள எழுதி மூடி வைப்பாங்களா? இதை நாக்குல வை."

"மேடம், எனக்கு ஒரு நாக்குதான் இருக்கு. பொழைப்பே அதுலதான் ஓடுது."

"வைன்னா வை."

விசில் கண்ணை இறுக மூடிக்கொண்டு பேட்டரியின் இரண்டு முனையையும் நாக்கில் வைத்தான். பிறகு ஒரு கண்ணைத் திறந்தான். "ஒண்ணும் பண்ணலையே?"

"உசுரு இருந்தா சுருக்குன்னு குத்தியிருக்கும். சுத்தமாத் தீந்திருக்கு."

அவர் அறையை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, சுவரோர மேடையில் ஒரு தட்டு, ஒரு தம்ளர். ஜன்னலுக்கு வெளியே நல்ல வெளிச்சமும் மரமும் தெரிந்தன. ஆனால் நாற்காலி ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, வெறும் சுவரைப் பார்த்துக் கிடந்தது. ஸ்பீக்கர் பெட்டியும் அப்படித்தான். முகத்தைச் சுவரோடு ஒட்டவைத்து, முதுகை அறைக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

"இது எதுக்காம்?"

"பழிவாங்கத்தான்" என்றான் விசில். "நாலு வருஷத்துக்கு முன்னாடி தையல்காரம்மா சத்தம் தாங்கலைன்னு இந்த ரூம் ஓனர்கிட்ட கம்ப்ளைன்ட் பண்ணியிருக்காங்க. உனக்காச்சு எனக்காச்சுன்னு பெட்டியை அந்தப் பக்கம் திருப்பிட்டார்போல."

"அவ்வளவு விரோதமா? அப்புறம் ஏன் ஜெயில்ல வக்கீல்கிட்ட, எது பண்ணாலும் பக்கத்து ரூம்காரங்களை மட்டும் தொந்தரவு பண்ணாதீங்கன்னு சொன்னார்?"

லைன் மேடம் அந்த முரணை மனதில் குறித்துக்கொண்டார்.

"நீ இங்கயே இரு. நான் மட்டும் போய்ட்டு வரேன்."

தையல்காரப் பெண் கதவைச் சங்கிலியோடு திறந்தாள். நாற்பது வயது இருக்கும். கழுத்தில் அளவு டேப், விரலில் ஊசி குத்தாதிருக்க மாட்டும் அங்குஸ்தான். வக்கீலின் பேரைச் சொன்ன பிறகு சங்கிலி இறங்கியது. அறை நிறைய பள்ளிக்கூடச் சீருடைகள். சுவரை ஒட்டித் தையல் மிஷின்.

"எல்லாம் எழுதிக் கொடுத்துட்டேங்க. எனக்கு எதுவும் கேக்கல" என்றாள், கேள்வி வருவதற்கு முன்பே.

"தெரியும்மா. கொஞ்சம் தண்ணி கொடுங்க, போதும்."

தண்ணீர் வந்தது. லைன் மேடம் குடித்து முடித்ததும் அவள் தம்ளரை வாங்கிக் கழுவிக் கவிழ்த்தாள். மேடையில் அது ஒன்றுதான் இருந்தது. லைன் மேடத்துக்குத் தன் வீட்டு மேடை நினைவுக்கு வந்தது. அங்கேயும் ஒன்றுதான். வெளியே கிளம்பும்போது ரேடியோவைப் பாடவிட்டுவிட்டுத்தான் அவர் வீட்டைப் பூட்டுவார். திரும்பி வந்து பூட்டைத் திறக்கும்போது உள்ளே ஒரு குரல் இருக்கட்டுமே என்று. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. விசிலுக்குத் தெரிந்தால் ஊர் சிரிக்கும்.

"அந்தப் பக்கத்து சத்தம் எதுவும் இங்க வராதாம்மா?"

"வராதுங்க. சுவர் ரொம்ப கனம்."

அந்த நொடியில் கனமான சுவருக்கு அப்பாலிருந்து விசில் தொண்டையைச் செருமினான். துல்லியமாகக் கேட்டது. தொடர்ந்து ஒரு தும்மல். அதைத் தொடர்ந்து, "யாரோ நம்மள நினைக்கறாங்கப்பா."

தையல்காரப் பெண் தலையைக் குனிந்துகொண்டு ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தாள். நூல் ஏற்கனவே கோத்திருந்தது.

லைன் மேடம் கேட்காதமாதிரி இருந்துவிட்டார். அவர் கண் வேறு இடத்தில் இருந்தது. மிஷினுக்கு மேலே சுவரில் ஒரு காலண்டர். புத்தம் புதுசாக, ஒரு தாள்கூடக் கிழிக்காமல். வருடத்தில் எட்டாவது மாதம் முடியப்போகிற நேரத்தில் யார் புதுக் காலண்டர் மாட்டுகிறார்கள்? அதுவும் இடுப்பு உயரத்தில்?

"போலீஸ் கேட்டப்ப கூட யாராவது இருந்தாங்களா?"

"அண்ணன் இருந்தார். ஞாயித்துக்கிழமை வருவார். இந்த வீடு அவர் பேர்லதான் இருக்கு." கொஞ்சம் நிறுத்தி, "எனக்குன்னு அவர் ஒருத்தர்தாங்க" என்றாள்.

"சரிம்மா, வரேன்" என்று எழுந்தார் லைன் மேடம்.

விசிலையும் அழைத்துக்கொண்டு தெருமுனைப் பல்புக் கடைக்குப் போனார். கடைக்காரர் சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் நீல மார்க்கர் செருகியிருந்தார். ஒரு பல்பைச் சோதித்து, அதன் கழுத்தில் தேதி போட்டு, அட்டைப்பெட்டியில் தள்ளிக்கொண்டிருந்தார்.

லைன் மேடம் செத்த பேட்டரியைக் கண்ணாடி மேசையில் வைத்தார்.

"என் எழுத்துதான்" என்றார் கடைக்காரர், பார்த்த மாத்திரத்தில். "ஆறாம் தேதி, எட்டாம் மாசம். தேதி போடாம எதுவும் என் கடைப்படி இறங்காது. போன வருஷம் வாங்கின பல்பைக் கொண்டுவந்து நேத்துதான் வாங்கினேன்னு சத்தியம் பண்றாங்க."

"உங்க நெத்தியில தேதியைக் காணோமே?" என்றான் விசில்.

"அதை டாக்டர் போடுவார். இது கிடார்காரருக்குக் கொடுத்தது. மத்தியானம் ஒன்றரைக்குச் சாப்பிடப் போகக் கடையை மூடறேன், ஓடி வந்தார். அவருக்குன்னே இந்த ரகம் வாங்கி வைக்கிறேன்."

"கிடாருக்கு எதுக்கு பேட்டரி? பெட்டிக்குத்தான் கரண்ட் இருக்கே?" என்று கேட்டான் விசில்.

"எல்லா கிடாருக்கும் வேணாம். அவரோடது பேட்டரி இல்லாம மூச்சு விடாது. அதுல சுவிட்சும் கிடையாது. வயரைக் குத்தினீங்கன்னா அதுதான் சுவிட்சு. குத்தின நிமிஷத்திலருந்து கரையும். வாசிச்சாலும் கரையும், சும்மா வச்சிருந்தாலும் கரையும். அதனால முடிச்சதும் முதல் வேலையா வயரைப் பிடுங்கிடுவேன்னு அவரே சொல்வார். இந்த விஷயத்துல மனுஷன் ரொம்ப கவனம்."

"பிடுங்க மறந்துட்டா?"

"பத்து, பதினஞ்சு நாள் தாங்கினாலே பெரிசு."

லைன் மேடம் கைப்பையிலிருந்து போலீஸ் சோதனைக் குறிப்பின் நகலை எடுத்து, ஒரு வரியை விசிலிடம் காட்டினார். அவன் வாய்விட்டுப் படித்தான்: "'மேற்படி கிடாரில் வயர் செருகிய நிலையில் இருந்தது.'" விசில் நிமிர்ந்தான். "மேடம்!"

"ஆறாம் தேதி அவரைக் கூட்டிட்டுப் போறப்ப, பெட்டியோட பிளக்கைச் சுவத்துலருந்து பிடுங்கியிருக்காங்க. எல்லாம் அணைஞ்சதுன்னு நினைச்சுக் கதவைப் பூட்டிட்டாங்க. கிடார் அணையல. இருபத்தோரு நாள் பூட்டின ரூம்ல, கேக்க ஒரு ஆள் இல்லாம, கொஞ்சம் கொஞ்சமா தீந்து போயிருக்கு. அன்னைக்கு ரெண்டு மணிக்கு அது ஊமையில்ல. ஊமையாக்கினது போலீஸேதான்."

"கேஸ் முடிஞ்சது! டீ சொல்லட்டா?"

"முடியல. கிடார் பேசுச்சுன்னுதான் இது நிரூபிக்கும். மூணு மணிக்கு அவர் அங்கதான் இருந்தாருன்னு நிரூபிக்காது. வயரைக் குத்தி வச்சுட்டு ஹாலுக்குப் போய்ட்டு வந்தாருன்னு அரசு வக்கீல் சொன்னா? எனக்கு ஒரு காது வேணும், விசில்."

"காதுக்காரம்மாதான் கேக்கலைன்னு எழுதிக் கொடுத்துட்டாங்களே!"

லைன் மேடம் புது பேட்டரி ஒன்று வாங்கினார். கடைக்காரர் அதிலும் அன்றைய தேதியைப் போட்டுத்தான் கையில் கொடுத்தார்.

மாடிப்படி ஏறும்போது லைன் மேடம் மெதுவாகப் பேசினார். "எக்ஸ்சேஞ்ச்ல இருந்தப்ப ஒரு பெரியவர். வாரா வாரம் புகார் கொடுப்பார், போன் வேலை செய்யலைன்னு. போய்ப் பாத்தா லைன் நல்லா இருக்கும். எங்க ஆளுங்க கண்டபடி திட்டுவாங்க. ஒரு தடவை நானே போனேன். போனை எடுத்துப் பேசிப் பாத்தேன், நல்லாத்தான் கேட்டுச்சு. அவர் சொன்னார், 'எனக்குத் தெரியும்மா. மணி அடிக்கவே மாட்டேங்குது, அதான்'னு."

விசில் அவருக்கு முன்னால் ஏறிப் போய்க் கதவைத் திறந்தான்.

அறைக்குள் லைன் மேடம் புது பேட்டரியைப் போட்டு மூடினார். பெட்டியை நகர்த்தவில்லை, நாற்காலியையும் திருப்பவில்லை. கிடார்காரர் உட்காரும் இடத்தில், சுவரைப் பார்த்து, அவர் உட்காருகிற மாதிரியே உட்கார்ந்தார். வயரைக் கிடாரில் குத்தினார். 'டப்.'

அந்தப் பக்கம் தையல் மிஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"உங்களுக்கு வாசிக்கத் தெரியுமா?" என்று விசில் கிசுகிசுத்தான்.

"தெரியாது. மேலருந்து கீழ இழுப்பேன்."

இழுத்தார். ஆறு தந்தியும் ஒருசேர முழங்கின. சுருதி கலைந்து, கர்ணகடூரமாக, ஆனால் உயிரோடு. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

மிஷின் நின்றது.

லைன் மேடம் மறுபடி ஒரு தடவை இழுத்தார். ஒலி சுவருக்குள் போய் மெல்ல அடங்கியது.

டொக். டொக்.

சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து, உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் தோள் உயரத்திலிருந்து, காலண்டர் மாட்டியிருந்த இடத்திலிருந்து வந்தது அந்தச் சத்தம்.

அடுத்த நொடி ஒரு ஸ்டூல் உருண்டது. ஒரு கதவு படாரென்று திறந்தது. வராந்தாவில் ஓடிவரும் காலடிச் சத்தம் கேட்டது. தையல்காரப் பெண் வாசலில் வந்து நின்றாள். கையில் கத்தரிக்கோல். அதைப் பிடியை வெளியே நீட்டிப் பிடித்திருந்தாள். முகம் மலர்ந்திருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன் பார்த்த அதே பெண்தானா என்று லைன் மேடத்துக்கே சந்தேகமாக இருந்தது.

"வந்துட்டாரா?" என்று கேட்டாள்.

நாற்காலியில் இருப்பது யார் என்று அப்புறம்தான் பார்த்தாள். முகம் அப்படியே வாடியது. கையிலிருந்த கத்தரிக்கோலைப் பார்த்து, அதைப் புடவை மடிப்பில் மறைக்கப் பார்த்தாள்.

"உள்ள வாம்மா. காலண்டருக்குப் பின்னாடி சுவர் எவ்வளவு பெயர்ந்திருக்கு?" என்று கேட்டார் லைன் மேடம். குரலில் அதட்டல் இல்லை.

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "உள்ளங்கை அளவு" என்றாள். "அண்ணன் பாத்துடுவார்னு மாட்டினேன்."

பிறகு கொட்டித் தீர்த்துவிட்டாள். நாலு வருடத்துக்கு முன் அவள் புகார் கொடுத்தது நிஜம். மறுநாளிலிருந்து அந்தப் பக்கம் கப்சிப். பத்து நாள் அப்படியே போனது. அந்தப் பத்து நாளில்தான் அவளுக்குத் தெரிந்தது, இந்த அறையில் மிஷினைத் தவிர வேறு எந்தச் சத்தமும் கிடையாது என்று. தாங்க முடியாமல் ஒருநாள் கத்தரிக்கோல் பிடியால் சுவரைத் தட்டினாள். ரொம்ப நேரம் பதிலே இல்லை. அப்புறம் ஒரே ஒரு தந்தி, பயந்து பயந்து.

"ஒரு தட்டு தட்டினா போதும்னு அர்த்தம். ரெண்டு தட்டினா இன்னொண்ணு வாசிங்கன்னு அர்த்தம். அவ்வளவுதாங்க. நாலு வருஷத்துல ஒரு வார்த்தை பேசினதில்ல. படிக்கட்டுல எதுக்க வந்தாக்கூட ரெண்டு பேரும் தரையைப் பாத்துட்டுப் போய்டுவோம்."

"ஆறாம் தேதி?"

"மூணு மணிக்கு யூனிஃபார்ம் மூட்டையை எடுக்கக் கடை ஆள் வந்தார். ரசீதுல நேரம் போட்டுக் கையெழுத்து வாங்கினார். அவர் படியிறங்கினதும் ரெண்டு தட்டு தட்டினேன். உடனே வாசிச்சார்." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போலீஸ் கேட்டப்ப அண்ணன் பக்கத்துலயே நின்னார். கேட்டுச்சுன்னு சொன்னா, நீ எதுக்குடி கேட்டேன்னு கேப்பார். அதுக்கு நான் என்ன சொல்ல? வாசிச்சவரே எப்படியும் போலீஸ்ல சொல்லிடுவார், மறுபடி என்னைக் கூப்பிடுவாங்க, அப்ப சொல்லிக்கலாம்னு இருந்தேன். யாரும் கூப்பிடல."

"அவர் சொல்லல" என்றார் லைன் மேடம்.

"என்னது?"

"தட்டினதைப் பத்தி அவர் ஒரு வார்த்தை யார்கிட்டயும் சொல்லல. போலீஸ்லயும் சொல்லல, வக்கீல்கிட்டயும் சொல்லல. சொல்லியிருந்தா அன்னைக்கே சுவத்தைப் பாத்துட்டு விட்டிருப்பாங்க. பக்கத்து ரூம்காரங்களைத் தொந்தரவு பண்ணாதீங்கன்னு மட்டும் சொன்னாராம்."

தையல்காரப் பெண் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். விசில் ஜன்னல் பக்கம் திரும்பி மரத்தை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது அவளை வற்புறுத்தலாம். நாளை பத்து மணி என்று மிரட்டலாம். லைன் மேடத்துக்கு இரண்டுக்கும் மனம் வரவில்லை. அந்த அண்ணன் போனால் இவளுக்கு வீடும் போகும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே கிடாரை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

"இது ஏன் சத்தம் வரலைன்னு போலீஸ் சொன்னாங்க?" என்று அவள்தான் கேட்டாள்.

லைன் மேடம் சொன்னார். வயர்தான் சுவிட்சு என்பது, போலீஸ் அதைப் பிடுங்காமல் போனது, பூட்டிய அறையில் பேட்டரி தீர்ந்துபோனது எல்லாவற்றையும் சொன்னார்.

"இப்பவும் தீந்துட்டு இருக்கா?"

"ஆமா. குத்தித்தானே இருக்கு."

அவள் கத்தரிக்கோலை மேடைமேல், அந்த ஒற்றைத் தம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள். முதல் முறையாக அந்த அறைக்குள் காலடி எடுத்து வைத்தாள். குனிந்து, கிடாரின் விலாவிலிருந்து வயரைப் பிடுங்கினாள். பெட்டி 'டப்' என்றது. பிடுங்கிய வயரைத் துணிக்கடை நூல்கண்டைப்போல விரலில் ஒழுங்காகச் சுற்றி நாற்காலியின் கையில் மாட்டினாள்.

"நாளைக்கு வந்ததும் அவருக்கு வேணும்" என்றாள். "கோர்ட்டுக்கு நான் எத்தனை மணிக்கு வரணும்?"